கொலையாளி பிடிபடும்வரை எழும்பாதவர்கள்

துப்பறியும் தொடர் ஒன்றில் ஒருவர் எவ்வளவு ஊறிப்போயிருக்கிறார் என்பதை அறிய, அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தைக் கவனித்துப் பயனில்லை. அந்த நேரத்தில் எல்லாரும் ஒரே மாதிரித்தான் இருப்பார்கள். தொடர் முடிந்தபிறகுதான் அடையாளங்கள் தெரியவரும். இரவுச் சாப்பாட்டு நேரம் மாறும். பேச்சில் பொலிஸ் நிலையச் சொற்கள் நுழையும். ஒழுங்கை முனையில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் இலக்கத்தகடு காரணமில்லாமல் மனத்தில் பதியும். திரையில் மட்டும் வாழும் ஓர் அதிகாரிக்கு என்ன நடக்கப்போகிறதோ என்று உண்மையான கவலை பிறக்கும். இந்த அடையாளங்கள் இலண்டனிலும் மும்பையிலும் இலங்கையின் வடக்கே ஆனையிறவிலும் ஒன்றுதான். ஆனாலும் ஓர் ஊருக்கு மின்சாரம் எப்போது வந்தது, எந்த நாட்டு அலைவரிசை எட்டியது, அந்த ஊரார் என்ன பட்டார்கள் என்பவை அவற்றின் நிறத்தை மாற்றிவிடுகின்றன.

முதல் அடையாளம் நேரம். தொடர் தொடங்கும் நேரம் வீட்டின் மற்ற எல்லா நேரங்களையும் தன்னைச் சுற்றி அடுக்கிவிடுகிறது. மாலை விளக்கு அதற்குமுன் ஏற்றப்படும். புட்டு அவிந்து இறங்குவது அதற்குமுன். தொலைபேசியில் வெளிநாட்டிலிருந்து அழைக்கும் மகன்கூட அந்த அரை மணி நேரத்தைத் தவிர்த்தே அழைக்கப் பழகுவான். ஆனையிறவு அடங்கும் வன்னிப் பெருநிலத்தில் இந்த நேர ஒழுங்குக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. இலங்கை ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. வடக்குக்கு அதன் அலைகளை எடுத்துச்செல்ல, ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே கொக்காவிலில் மறு ஒளிபரப்பு நிலையம் இருந்தது. 1990 ஜூலையில் கொக்காவில் இராணுவ முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தபோது அந்த நிலையத்தின் கோபுரமும் போனது. அதே ஆண்டில் மீண்டும் மூண்ட போரோடு தேசிய மின்வழங்கலும் அற்றது. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வன்னியில் தொலைக்காட்சி என்றால் கார் பற்றரியில் ஓடும் சின்னப் பெட்டி, அல்லது மண்ணெண்ணெய் கிடைக்கும் நாளில் முழங்கும் ஜெனரேற்றர். ஊரில் ஒரு வீட்டில் டெக்கும் தொலைக்காட்சியும் வாடகைக்கு எடுத்து வந்தால் அயல் முழுவதும் அந்த முற்றத்தில் விடியும்வரை இருக்கும். எரிபொருள் தீர்ந்து படம் பாதியில் நிற்பதும் உண்டு. குற்றவாளி யாரென்று தெரியாமலே பாயைச் சுருட்டிக்கொண்டு போனவர்கள் அந்தத் தலைமுறையில் பலர்.

கடிகாரமே இரண்டாகப் பிரிந்திருந்த காலமும் இருந்தது. 1996இல் இலங்கை அரசு மின்சாரத்தை மிச்சப்படுத்த நேரத்தை முன்தள்ளியது. முதலில் ஒரு மணி நேரம், அந்த ஆண்டின் பிற்பகுதியில் அரை மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே நின்றது. அதாவது, இந்திய நேரத்தில். ஆகவே 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை, சென்னையில் எட்டரைக்குத் தொடங்கும் ஒரு நாடகம் கொழும்பில் ஒன்பது மணிக்கும் கிளிநொச்சியில் எட்டரைக்குமே தொடங்கும். இரு பகுதிகளுக்கும் இடையிலிருந்த ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தால் கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டிய நாட்கள் அவை.

2011 ஜூன் 6ஆம் நாள் கொக்காவிலில் 174 மீற்றர் உயரத்தில் புதிய கோபுரம் திறக்கப்பட்டது. மீளக்குடியேறிய ஊர்களுக்கு மின்கம்பங்கள் வந்தன. கூரைகளில் டிஷ் முளைத்தது. ஆனையிறவிலும் இயக்கச்சியிலும் பரந்தனிலும் ஒரு தொடரை முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதிவரை இடையறாது பார்ப்பது அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் கைகூடியது. மின்சாரம் நின்றுவிடுமோ என்ற பழைய அச்சம் மட்டும் போகவில்லை. 2022இல் நாடு முழுவதும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நீண்டபோது, இளையவர்கள் பதறினார்கள். பற்றரியையும் விளக்கையும் முன்கூட்டியே ஆயத்தம் செய்து பழகிய பெரியவர்களுக்கு அது புதிதில்லை.

தொடர் வரும் விதம் மாறியதும் இந்த அடையாளமும் மாறியது. வாரம் ஒருமுறை வந்த காலத்தில் ரசிகரை அடையாளம் காட்டியது காத்திருப்பு. ஒரு வாரம் முழுவதும் அவர் மனத்தில் சந்தேகநபர்களின் வரிசை ஏறி இறங்கும். இன்று எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில் வெளியாகின்றன. புஷ்கர்-காயத்ரி உருவாக்கிய ‘சுழல்’ 2022 ஜூன் 17ஆம் நாள் அப்படித்தான் வந்தது. இப்போது அடையாளம் விடியற்காலைச் சிவந்த கண். “இன்னும் ஒண்டு மட்டும்” என்று சொல்லி அடுத்த பகுதியை அழுத்தும் விரல்.

ஏன் நிறுத்த முடிவதில்லை என்பதற்கு உளவியலில் ஒரு பழைய விளக்கம் உண்டு. 1927இல் புளூமா ஸைகார்னிக் என்ற ஆய்வாளர், முடித்த வேலைகளைவிடப் பாதியில் தடைப்பட்ட வேலைகளை மனிதர் கூடுதலாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பேர்ளினில் நடத்திய சோதனைகளிலிருந்து எழுதினார். பின்வந்த சோதனைகள் எல்லாவற்றிலும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனால் தொடர் எழுதுபவர்களுக்கு அந்த உண்மை ஆய்வுக்கு முன்பே தெரியும். ஒரு கதவு திறக்கும். யார் நிற்கிறார் என்று காட்டாமல் பெயர்ப்பட்டியல் ஓடும்.

இரண்டாவது அடையாளம் ஊகம். இதுதான் துப்பறியும் தொடரின் ரசிகரைக் குடும்ப நாடகத்தின் ரசிகரிலிருந்து பிரிக்கிறது. குடும்ப நாடகம் பார்ப்பவர் அழுவார், திட்டுவார், சாபமிடுவார். துப்பறியும் தொடர் பார்ப்பவர் வேலை செய்வார். “உவன்தான் செய்திருப்பான், பார்” என்று இரண்டாவது பகுதியிலேயே அறிவிப்பார். கடைசியில் வேறொருவன் பிடிபட்டால் “நான் அவனையும் நினைச்சனான்” என்பார். பிடிபட்டவன் அவர் சொன்னவனே என்றால், “நான் அப்பவே சொன்னனான்” என்ற சொல் மறுநாள் சந்தைவரை கேட்கும்.

ஊறிப்போன ரசிகர் நாளடைவில் குற்றத்தை ஊகிப்பதை விட்டுவிட்டு இயக்குநரை ஊகிக்கத் தொடங்குகிறார். இது கவனிக்க வேண்டிய மாற்றம். பெயர் பெற்ற ஒரு நடிகர் மிகச் சிறிய வேடத்தில் வந்து போனால், அவர் திரும்பி வருவார் என்று இவருக்குத் தெரியும். எல்லாருக்கும் நல்லவராக இருக்கும் வாத்தியாரை இவர் நம்பமாட்டார். தேநீர்க் கோப்பையில் கமரா ஒரு நொடி கூடுதலாக நின்றால் குறித்துக்கொள்வார். முதல் பகுதியில் சந்தேகத்துக்கு ஆளானவன் குற்றவாளியாக இருக்கமாட்டான் என்பது இவருடைய அடிப்படை விதி. அதையும் உடைக்கும் தொடர் வந்தால் அதை மதிப்பார். இந்த விதிகளை முறையாக எழுதி வைத்தவரும் உண்டு. ஆங்கிலப் பாதிரியாரும் துப்பறியும் கதாசிரியருமான ரொனால்ட் நொக்ஸ் 1929இல் பத்துக் கட்டளைகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், வாசகருக்குக் காட்டாத தடயத்தைத் துப்பறிபவர் பயன்படுத்தக்கூடாது என்பவை அவற்றுள் முக்கியமானவை. நொக்ஸின் பெயரையே கேட்டிராத ஓர் அம்மம்மா, கடைசிப் பகுதியில் புதிதாக முளைத்த இரட்டைச் சகோதரனைக் கொலையாளியாகக் காட்டினால், “இது கள்ளக்கதை” என்று தீர்ப்புச் சொல்வார். அதே சட்டம்தான்.

தமிழ் ரசிகருக்கு இந்தப் பயிற்சி தொலைக்காட்சிக்கு முன்பே கிடைத்துவிட்டது. ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே துப்பறியும் நாவலைத் தமிழில் பரவலாக்கினார்கள். தேவனின் துப்பறியும் சாம்பு ஆனந்த விகடனில் வந்தார். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும், ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் என்று வரிசை நீண்டது. 1970களின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதியை இலங்கை அரசு கட்டுப்படுத்தியபோது, வந்து சேர்ந்த ஒன்றிரண்டு பிரதிகள் அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் தொலைந்து, கை மாறி மாறிப் போயின. கடைசிப் பக்கம் இல்லாத துப்பறியும் நாவலைப் படிப்பதைவிடப் பெரிய ஊகப் பயிற்சி இல்லை.

தமிழ்த் தொலைக்காட்சியில் இந்தப் பசிக்கு முதன்முதல் முழுச் சோறு போட்டது ‘மர்மதேசம்’. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த அந்த வரிசையில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ ஆகிய இரண்டும் சன் தொலைக்காட்சியில் 1990களின் பின்பாதியில் வந்தன. ‘விடாது கருப்பு’ ஒரு கிராமத்தில் காவல் தெய்வத்தின் பெயரால் நடக்கும் கொலைகளைப் பற்றியது. கொல்வது கருப்புசாமியா, மனிதனா என்பதே கேள்வி. பகுத்தறிவும் பக்தியும் ஒரே வீட்டுக் கூடத்தில் எதிரெதிராக உட்கார்ந்து அதைப் பார்த்தன. குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டால் நள்ளிரவில் வெளியே போக மறுத்த சிறுவர்கள் இன்று நாற்பதை எட்டியிருக்கிறார்கள். அந்தத் தொடரின் தொடக்க இசை எங்காவது கேட்டால் அவர்களுடைய கை இன்னும் வேலையை நிறுத்தும். தமிழில் துப்பறியும் தொடர் தன் மண்ணின் தெய்வங்களையும் சடங்குகளையும் தடயங்களாக்கிக்கொள்ளலாம் என்று காட்டியது அதுதான். மயானக் கொள்ளைத் திருவிழா நாட்களைக் கதைக்களமாக்கிய ‘சுழல்’ அந்தப் பாதையிலேயே வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானார்.

மூன்றாவது அடையாளம் பேச்சில் வருகிறது. வன்னிக்கு இதில் தனியான ஒரு நிலை இருக்கிறது. தொடர்ந்து தமிழ்நாட்டுத் தொடர்களைப் பார்க்கும் ஆனையிறவு ரசிகர் “எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா?” என்று கேட்பார். கொலை என்றால் 302ஆம் பிரிவு என்று சொல்வார். இலங்கையில் ஒருவர் பொலிஸ் நிலையத்துக்குப் போனால் செய்வது முறைப்பாடு. அங்கே இருப்பவர் பொறுப்பதிகாரி, ஊர்ப் பேச்சில் ஓ.ஐ.சி. கொலைக்குத் தண்டனை சொல்வது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவு. உடலைப் பரிசோதிப்பவர் சட்ட வைத்திய அதிகாரி. நேரில் வந்து பார்த்து உத்தரவிடுபவர் நீதவான். அவசரத்துக்கு அழைக்கும் எண் இந்தியாவில் 112, இலங்கையில் 119. இவற்றில் பாதியை இந்த ரசிகர் அறியமாட்டார். அறியாதது அவருடைய குற்றமில்லை. இந்தியாவிலேயே 2024 ஜூலை 1ஆம் நாள் முதல் பழைய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. கொலைக்கான பிரிவு இப்போது 103. பழைய தொடர்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்களின் வாயில் மட்டும் 302 நெடுங்காலம் வாழும். ஒரு நாட்டுச் சட்டத்தின் கீழ் வாழ்ந்துகொண்டு இன்னொரு நாட்டுச் சட்டத்தை மனப்பாடம் செய்திருப்பது, எல்லை கடந்து தொலைக்காட்சி பார்க்கும் சிறிய மொழிச் சமூகங்களுக்கு நேர்கிற ஒன்று. அதன் விலை, உண்மையான தேவை வரும் நாளில் தெரியும்.

அடுத்தது உறவு. ஊறிப்போனவர் துப்பறிபவரைப் பாத்திரம் என்று சொல்லமாட்டார், வீட்டாளாக்கிவிடுவார். ‘சுழல்’ தொடரில் கதிர் நடித்த உதவி ஆய்வாளரைத் தொடரில் அழைப்பதுபோலவே “சக்கரை” என்பார்கள். ‘வதந்தி’ தொடரில் எஸ். ஜே. சூர்யா நடித்த பொலிஸ் அதிகாரி விவேக், ஓர் இளம்பெண்ணின் கொலை வழக்கை விடமுடியாமல் தன் வீட்டையே மறக்கிறார். அவர் மனைவி படும் பாட்டைப் பார்த்து, தன் வீட்டில் தானும் அதையே செய்வதை உணராமல் இரக்கப்படுவார்கள் ரசிகர்கள். 1956இல் டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த ஒருபக்க உறவைப் பற்றி எழுதினார்கள். திரையில் வாரந்தோறும் தோன்றும் ஒருவரோடு பார்வையாளர் நண்பரோடு பழகுவதைப் போலவே பழகுகிறார். மறுபக்கத்துக்கு அவர் இருப்பதே தெரியாது. இது நோயில்லை, மனித இயல்பின் ஒரு நீட்சி என்பதே அவர்கள் கருத்து.

உலகில் இதற்குப் பெயர்பெற்ற ஒரு சான்று இலண்டன் பேக்கர் வீதியில் கிடைத்தது. 1932 முதல் அங்கே தலைமையகம் வைத்திருந்த ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தின் கட்டடம், கதையில் ஷெர்லொக் ஹோம்ஸ் குடியிருந்த 221பி என்ற இலக்கத்தையும் உள்ளடக்கியிருந்தது. ஹோம்ஸுக்கு என்று உலகெங்கிலுமிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருந்ததால், பதில் எழுத அந்த நிறுவனம் ஒரு செயலாளரையே அமர்த்தியது. தொலைந்த நாயைக் கண்டுபிடிக்கச் சொல்லி எழுதியவர்களும் இருந்தார்கள். ஜெரமி பிரெட் 1984 முதல் 1994 வரை 41 பகுதிகளில் ஹோம்ஸாக நடித்ததற்குப் பிறகு பலருக்கு ஹோம்ஸின் முகம் அவர் முகம்தான். பீட்டர் ஃபோக் நடித்த கொலம்போவுக்குக் கசங்கிய மேலங்கியும், வாசலுக்குப் போனபின் திரும்பி வந்து கேட்கும் கடைசிக் கேள்வியும் அடையாளம். தூரதர்ஷனில் 1985இல் வந்த ‘கரம்சந்த்’ தொடரில் பங்கஜ் கபூர் கரட் கடித்துக்கொண்டே வழக்கை முடித்தார். ரசிகரிடம் இவை ஒட்டிக்கொள்கின்றன. விடைபெற்றுப் போனவர் வாசலில் நின்று “இன்னொரு விசயம்” என்று திரும்பினால், அவர் எதைப் பார்க்கிறார் என்று ஊகித்துவிடலாம்.

சோனி தொலைக்காட்சியின் ‘சி.ஐ.டி.’ இதில் தனிக் கதை. 1998 ஜனவரியில் தொடங்கி 2018 ஒக்டோபரில் நிறுத்தப்படும்வரை 1547 பகுதிகள் ஓடியது. 2024 டிசம்பரில் திரும்பி வந்தது. ஏ.சி.பி. பிரத்யுமன் விரல்களைச் சுழற்றிச் சந்தேகத்தை வெளியிடுவதும், தயா கதவை உடைப்பதும் இந்தி தெரியாத வீடுகளிலும் விளையாட்டாகிவிட்டன. 2025 ஏப்ரலில் பிரத்யுமன் கதையில் இறந்துவிட்டதாக அலைவரிசையே இரங்கல் செய்தி வெளியிட்டபோது, நடிகர் சிவாஜி சாட்டம்தான் இறந்துவிட்டாரோ என்று பதறியவர்கள் உண்டு. வன்னியில் இந்தத் தொடரின் பெயருக்கே வேறு கனம் இருக்கிறது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் “சீஐடி வந்து விசாரிச்சிட்டுப் போனவை” என்ற செய்தி ஒரு வீட்டை அமைதியாக்கப் போதுமானதாக இருந்தது. சீருடையைக் கண்டால் வழிவிட்டு விலகிய மக்கள் திரையில் ஒரு பொலிஸ்காரரை மகனைப்போல நேசிக்கிறார்கள் என்றால், அந்த நேசத்தில் ஒரு விருப்பம் இருக்கிறது. கேள்வி கேட்பவர் நமக்காகக் கேட்க வேண்டும் என்ற விருப்பம் அது.

இந்தப் பற்று கண்ணையும் பழக்குகிறது. ரசிகர் தன் சுற்றாடலைத் தடயமாகப் பார்க்கிறார். காலையில் வாசல் மணலில் செருப்பு அடையாளம் இருந்தால் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்ப்பார். நாய் குரைக்காத இரவைக் குறித்துக்கொள்வார். பூட்டிய கதவை இருமுறை பூட்டுவார். பெரும்பாலும் இது தீங்கில்லாதது. சில வேளை நன்மையும் கூட. ஆனால் அறிவியல் விசாரணை பற்றி இந்தத் தொடர்கள் கொடுக்கும் எதிர்பார்ப்பு பொய்யானது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ‘சி.எஸ்.ஐ.’ தொடருக்குப் பின், ஜூரிகள் எல்லா வழக்கிலும் மரபணுச் சான்று கேட்கிறார்கள் என்று அரசுத் தரப்புச் சட்டத்தரணிகள் குறைப்பட்டார்கள். நீதிபதி டொனால்ட் ஷெல்டன் மிச்சிகனில் ஏறக்குறைய 1000 ஜூரிகளிடம் நடத்திய ஆய்வில், 46 சதவீதத்தினர் ஒவ்வொரு குற்ற வழக்கிலும் ஏதாவதோர் அறிவியல் சான்று வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அந்தத் தொடர் பார்ப்பதால் தீர்ப்பே மாறிவிடுகிறது என்பதற்கு அவர் ஆதாரம் காணவில்லை. எதிர்பார்ப்பு மட்டும் உயர்ந்திருந்தது.

திரையில் மரபணு அறிக்கை ஒரு விளம்பர இடைவேளைக்குள் வந்துவிடும். வன்னி மக்கள் உண்மையான விசாரணையின் வேகத்தைத் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள். 2023 ஜூன் இறுதியில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதிமன்ற உத்தரவு, நிதி ஒதுக்கீடு, அகழ்வாய்வு நிபுணர், சட்ட வைத்திய அதிகாரிகள் என்று ஒவ்வொன்றும் வந்து சேர்ந்து, கட்டம் கட்டமாக நடந்த அகழ்வு 2024 ஜூலையில்தான் முடிந்தது. யார் அவர்கள் என்ற கேள்விக்கு அதற்குப் பிறகும் நெடுவழி இருந்தது. தூரிகையால் மண்ணைத் தள்ளி, எலும்பின் கிடையைப் படமெடுத்து, ஒவ்வொரு துணித்துண்டையும் தனித்தனியே பொதியிட்டுச் செய்கிற வேலை அது. அவசரப்பட்டால் சான்று அழியும்.

2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். ஆண்டுகள் கடந்தும் அது முடியவில்லை. அமர்ந்த தாய்மாரில் பலர் விடை தெரியாமலே இறந்துபோனார்கள். இப்படியான மாவட்டத்தில் துப்பறியும் தொடரின் மீதுள்ள பற்றைப் பொழுதுபோக்கு என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. அந்தத் தொடர்கள் ஒவ்வொன்றும் ஒரே வாக்குறுதியைத் தருகின்றன. காணாமல் போனவர் தேடப்படுவார், தேடுபவர் களைக்கமாட்டார், கடைசிப் பகுதியில் உண்மை ஒருவர் வாயால் சொல்லப்படும். இந்த வாக்குறுதியைப் பார்க்கவே முடியாமல் தொலைக்காட்சியை நிறுத்திவிடுபவர்களும் இருப்பார்கள். அதற்காகவே பார்ப்பவர்களும் இருப்பார்கள். இரண்டையும் ஒரே வீட்டில் காணலாம்.

தொடர் எடுத்த இடங்களைத் தேடிப் போவதும், பொருட்களைச் சேர்ப்பதும் பணமும் பயண அனுமதியும் உள்ளவர்களின் அடையாளங்கள். இன்ஸ்பெக்டர் மோர்ஸ் தொடரின் இடங்களைப் பார்க்க ஒக்ஸ்போர்டில் வழிகாட்டி நடைகள் உண்டு. ‘டிடெக்டிவ் கொனான்’ என்ற சிறுவர் துப்பறியும் தொடரின் பெயரை ஜப்பானின் தொத்தோரி விமானநிலையம் சூட்டிக்கொண்டிருக்கிறது. வன்னியில் இதற்கு ஈடாக இருப்பது தொடரின் இசையை வைத்த கைப்பேசி அழைப்பொலி.

பார்த்ததையே திரும்பப் பார்ப்பது இதைவிட ஆழமான அடையாளம். குற்றவாளி யாரென்று தெரிந்தபின் துப்பறியும் தொடரில் என்ன மிச்சம் என்று மற்றவர்கள் கேட்பார்கள். ஊறியவருக்கு அப்போதுதான் தொடர் ஆரம்பிக்கிறது. முதல்முறை தவறவிட்ட பார்வை, காரணமின்றி மூடிய யன்னல், அளவுக்குமேல் அழுத ஒருவரின் அழுகை எல்லாம் இரண்டாம் முறையில்தான் தம் பொருளைச் சொல்லும். நன்றாக எழுதப்பட்ட தொடரா, ஏமாற்றும் தொடரா என்பதற்கும் இதுவே சோதனை. கூடவே ஓர் ஒழுக்கமும் வருகிறது. முடிவைப் பார்த்தவர் பாராதவருக்குச் சொல்லக்கூடாது. “கதையைச் சொல்லிப்போடாதை” என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடும் தங்கையைத் துரத்திச் சென்று கொலையாளியின் பெயரைச் சொல்லும் அண்ணனுக்கு, அந்த வாரம் முழுவதும் வீட்டில் மன்னிப்பில்லை.

கடைசி அடையாளம் இழப்பு. 1893இல் கொனன் டொயில் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றபோது வாசகர்கள் கொதித்தார்கள். பத்து ஆண்டுக்குள் அவரை உயிரோடு திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அகதா கிறிஸ்டியின் பொய்ரோ கதையில் இறந்தபோது 1975 ஓகஸ்ட் 6ஆம் நாள் நியூயோர்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் அவருக்கு மரண அறிவித்தல் வெளியிட்டது. அதே பொய்ரோவாக 1989 முதல் 2013 வரை 70 பகுதிகளில் நடித்து முடித்த டேவிட் சுஷேயின் கடைசிப் பகுதியைப் பார்க்க மனமின்றி ஒத்திவைத்தவர்கள் உண்டு. முடிந்துவிட்டால் முடிந்துவிடுமே என்பதுதான் காரணம். அந்த நேரத்தில் வேறு தொடர் போட்டால் நான்கைந்து நாட்களுக்கு அது ஒட்டாது.

பற்று எப்போது தொல்லையாகிறது என்பதைப் பார்க்கப் பெரிய அளவுகோல் தேவையில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் உறக்கம் கெட்டால், கொலைக்காட்சிகளைச் சின்னஞ்சிறுவர் இரவில் பார்க்க நேர்ந்தால், வீதியில் போகும் ஒவ்வோர் அந்நியரும் குற்றவாளியாகத் தோன்றத் தொடங்கினால் குறைக்க வேண்டும். கூடுதலாகத் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் உலகை உள்ளதைவிடக் கொடியதாக நினைக்கிறார்கள் என்று ஜோர்ஜ் கேர்ப்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் நெடுங்காலம் வாதிட்டார்.

இந்த ரசிகர்கள் உருவாக்கி வைத்திருக்கும் கவனத்துக்கு இன்னும் பொருத்தமான தீனி வேண்டும். இலங்கைத் தமிழில் நீண்ட துப்பறியும் தொடர் இன்னும் வேரூன்றவில்லை. களம் இல்லாமலில்லை. இருபுறமும் கடனீரேரி விரிந்து, வெள்ளை உப்புப் பாத்திகளுக்கு நடுவே ஒரு வீதியும் ஒரு தண்டவாளமும் குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஆனையிறவைப் போல ஓர் இடத்தில் யாரும் யாருக்கும் தெரியாமல் கடந்துபோக முடியாது. துப்பறியும் கதைக்கு அதைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்? அங்கே முறைப்பாடு எழுதுபவரும் சட்ட வைத்திய அதிகாரியும் நீதவானும் தங்கள் சொந்தப் பெயர்களோடு, 296ஆம் பிரிவோடு, வன்னிப் பேச்சோடு வரட்டும். எழுத வல்லவர்கள் எழுத வேண்டும், எடுக்க வல்லவர்கள் எடுக்க வேண்டும். பிழை விட்டால் இரண்டாம் பகுதியிலேயே கண்டுபிடித்துச் சொல்லக்கூடிய பார்வையாளர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.